தமக்கு எதிராகவும் சாட்சி சொல்லும் கலை

நீண்ட காலமாகப் பிறரால் இழிவாகச் சித்திரிக்கப்பட்டு வந்த ஒரு சமுதாயத்தின் எழுத்தாளர்களுக்கு முன்னால் இரண்டு வழிகள் எப்போதும் திறந்து கிடக்கின்றன. ஒன்று மறுப்புரை எழுதுவது. மற்றொன்று பழம்பெருமை பேசுவது. இவ்விரண்டும் தேவையானவையே. பொய்யுரைக்கு மறுப்பு வேண்டும். மறக்கடிக்கப்பட்ட பெருமைகள் நினைவூட்டப்படவும் வேண்டும். எனினும் இவ்விரு வழிகளிலும் செல்பவரின் முகம் பழி தூற்றியவரை நோக்கியே இருக்கிறது. தம் மக்களை நோக்கித் திரும்பி, அவர்களுடைய வாழ்வின் மேடு பள்ளங்களை உள்ளவாறு எடுத்துரைக்க அவருக்கு வாய்ப்பு நேர்வதில்லை.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. கடந்த அரை நூற்றாண்டில் அவ்வழியே துணிந்து நடந்தவர்களில் பலர் மேலை நாடுகளில் வாழ்ந்த, வாழ்கின்ற வெள்ளையரல்லாத எழுத்தாளர்களும் கலைஞர்களுமாவர். ஆப்பிரிக்க, ஆசிய வழித்தோன்றல்களான இவர்களை ஒரே தொகுதியாகக் குறிக்க ‘நிறத்தவர்’ என்னும் பொருளுடைய சொல்லொன்று ஆங்கில உலகில் இன்று வழக்கில் உள்ளது. வெண்மை மட்டும் நிறமாகாதது போல ஒலிக்கும் அச்சொல்லில் ஒரு முரண் இருக்கத்தான் செய்கிறது. சொல் எவ்வாறாயினும், இவர்களிடமிருந்து நாம் பெறத்தக்க ஊக்கம் யாது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. அதற்கு விடை காண நால்வரை மட்டும் இங்கு எடுத்துக்கொள்வோம்.

கத்தரித்து ஒட்டிய ஒரு செய்தி

டோனி மாரிசன் 1931இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள லொரெய்ன் என்னும் தொழில் நகரில் பிறந்தவர். 1993இல் இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண்மணி அவரே. 2019இல் மறைந்தார். நாவலாசிரியர் என்றே உலகம் அவரை அறியும். அவருடைய வாழ்வின் மற்றொரு பகுதியும் அதே அளவு கருதத்தக்கது. ரேண்டம் ஹவுஸ் பதிப்பகத்தில் அவர் பல்லாண்டுகள் பதிப்பாசிரியராகப் பணியாற்றினார். குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலியின் தன்வரலாறு 1975இல் வெளிவந்தபோது அதன் பதிப்புப் பணியைக் கவனித்தவர் அவர்தாம். தாம் எழுதுவதற்கு முன்பாகவும், எழுதிக்கொண்டிருந்த காலத்திலும் பிறர் எழுத்து வெளிவர உழைத்தவர் அவர்.

அப்பணியின் போது 1974இல் அவர் முன்னின்று கொணர்ந்த நூல் ‘தி பிளாக் புக்’. அமெரிக்கக் கறுப்பின மக்களின் முந்நூறு ஆண்டு வாழ்வைச் செய்தித்தாள் துணுக்குகள், புகைப்படங்கள், அடிமை விற்பனைச் சீட்டுகள், பாடல்கள், கண்டுபிடிப்புகளுக்கான உரிமப் பத்திரங்கள் ஆகியவற்றைக் கொண்டே காட்டும் தொகுப்பு அது. அதற்காகத் திரட்டிய தாள்களுக்கிடையே மார்கரெட் கார்னர் என்னும் அடிமைப் பெண்ணைப் பற்றிய பழைய செய்தியொன்று மாரிசனின் கண்ணில் பட்டது. 1856ஆம் ஆண்டு ஜனவரியில் அப்பெண் தன் குடும்பத்தாருடன் கென்டக்கியிலிருந்து தப்பி, உறைந்து கிடந்த ஒஹையோ ஆற்றைக் கடந்து சின்சினாட்டியை அடைந்தாள். தேடி வந்தவர்கள் வீட்டைச் சூழ்ந்துகொண்டபோது, தன் பிள்ளைகள் மீண்டும் அடிமைகளாவதைக் காணப் பொறாமல், இரண்டு வயது மகளைத் தன் கையாலேயே கொன்றாள்.

அவளைக் கொலைக் குற்றத்திற்காக விசாரிக்க வேண்டுமென்று அடிமை முறை எதிர்ப்பாளர்கள் கோரினார்கள். கொலை வழக்கு நடந்தால் தாயும் மகளும் மனிதர்கள் என்பதைச் சட்டம் ஒப்புக்கொள்ள நேரும் என்பது அவர்களுடைய எண்ணம். நடந்ததோ வேறு. 1850ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டத்தின்படி அவள் உடைமைப் பொருளாகக் கருதப்பட்டு, உடையவரிடமே திருப்பி அனுப்பப்பட்டாள். 1858இல் அடிமையாகவே இறந்தாள்.

இச்செய்தியிலிருந்து முளைத்ததே 1987இல் வெளிவந்து, மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற ‘பிலவ்ட்’ என்னும் நாவல். தம் மக்களின் துயரத்தை உலகுக்கு அறிவிக்க விரும்பும் எழுத்தாளர் ஒருவர், எவரும் குறை காண இயலாத கதைமாந்தரைத் தேர்ந்தெடுப்பதே இயல்பு. மாரிசன் அவ்வாறு செய்யவில்லை. பெற்ற பிள்ளையைக் கொன்ற தாயை அவர் நடுவில் நிறுத்தினார். அவளை நியாயப்படுத்தவுமில்லை, கைவிடவுமில்லை. அடிமைத்தனம் என்பது சங்கிலியும் சவுக்கும் மட்டுமன்று, தாய்ப்பாசத்தையே கொலைக்கருவியாக மாற்றிவிடும் கொடுமை என்பதை இந்த ஒரு தேர்வினாலேயே அவர் உணர்த்தினார்.

1970இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலும் இத்தகையதே. தனக்கு நீலநிறக் கண்கள் வேண்டுமென்று ஏங்கும் ஒரு கறுப்பினச் சிறுமியின் கதை அது. கறுப்பே அழகு என்னும் முழக்கம் ஓங்கி ஒலித்த காலம் அது. அம்முழக்கம் சரியானதென்றாலும், அதற்குத் தேவை ஏன் நேர்ந்தது, தன்னை வெறுக்க ஒரு குழந்தை யாரிடம் கற்றுக்கொண்டது என்ற கேள்விகளை அவர் தம் மக்களிடமே கேட்டார். விடை தேடியபோது வெள்ளையரின் பாடநூலையும் திரைப்படத்தையும் மட்டும் அவர் குறை கூறவில்லை. அச்சிறுமியின் சொந்த வீட்டையும் தெருவையும் விட்டுவைக்கவில்லை.

கிழக்காப்பிரிக்காவில் ஒரு யூசுஃப்

அப்துல்ரஸாக் குர்னா 1948இல் ஸான்ஸிபார் தீவில் பிறந்தவர். 1964ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் அங்கு நிகழ்ந்த வன்முறைகளும் அச்சமும் பலரை வெளியேறச் செய்தன. குர்னாவும் பதினெட்டு வயதில் இங்கிலாந்து சென்று சேர்ந்தார். பின்னர் கென்ட் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் இலக்கியம் கற்பித்தார். 2021ஆம் ஆண்டின் இலக்கிய நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அவருடைய நாவல்களில் கிஸ்வாஹிலி, அரபுச் சொற்கள் இயல்பாக வந்து விழும். அவற்றைச் சாய்வெழுத்தில் அச்சிட்டு அந்நியப்படுத்திக் காட்டுவதை அவர் விரும்புவதில்லை.

1994இல் வெளிவந்த ‘பாரடைஸ்’ அவருடைய நான்காம் நாவல். அதன் நாயகன் யூசுஃப் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன். தந்தை பட்ட கடனுக்கு ஈடாக அஸீஸ் என்னும் செல்வந்த வணிகர் அவனை அழைத்துச் செல்கிறார். மாமா என்றே அவரை எண்ணியிருந்த சிறுவன், கடற்கரை ஊரின் கடையில் தன்னைப் போலவே ஈடாக வந்து சேர்ந்த கலீல் என்பவனிடமிருந்து உண்மையை அறிந்துகொள்கிறான். பிறகு வணிகக் கூட்டத்துடன் உள்நாட்டுக்குப் பயணம். அவனுடைய அழகு, கனவுகள், வணிகரின் மனைவி கொள்ளும் வேட்கை, பின்புறமாகக் கிழியும் சட்டை என ஒவ்வொன்றையும் வாசிக்கும் முஸ்லிம் வாசகர், யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை உடனே அடையாளம் கண்டுகொள்வார். வரலாறுகளில் மிக அழகியது எனத் திருக்குர்ஆன் தானே குறிப்பிடும் வரலாறு அது. தமிழிலும் அது கிஸ்ஸாவாகப் பாடப்பட்டிருக்கிறது.

ஆனால் குர்னா அவ்வரலாற்றை அப்படியே திருப்பிச் சொல்லவில்லை. குர்ஆனிய வரலாற்றில் அடிமையாக விற்கப்பட்டவர், சிறைப்பட்டவர், இறுதியில் நாட்டின் களஞ்சியங்களுக்குப் பொறுப்பாளராகிறார். தமக்குத் தீங்கிழைத்த சகோதரர்களை மன்னிக்கிறார். நாவலின் யூசுஃபுக்கு அத்தகைய விடுதலை வாய்க்கவில்லை. முதல் உலகப் போர் நெருங்கும் வேளையில், ஆட்களைப் பிடித்துச் செல்லும் ஜெர்மானியப் படையணியின் பின்னால் அவன் தானே ஓடிச் சென்று சேர்வதோடு கதை முடிகிறது. நபி வரலாற்றின் ஒளியை உரைகல்லாக வைத்து, மனிதர் அமைத்த சமுதாயம் எவ்வளவு இருண்டுவிட்டது என்பதை அவர் அளந்து காட்டுகிறார்.

இங்கேயே நாம் நின்று சிந்திக்க வேண்டியுள்ளது. ஐரோப்பியர் வருவதற்கு முன் கிழக்காப்பிரிக்கக் கடற்கரை மாசற்ற பொன்னுலகமாக இருந்தது என்று எழுதியிருந்தால், குடியேற்ற ஆதிக்கத்திற்கு எதிரான நூல் என்று பலரும் அதனைக் கொண்டாடியிருப்பார்கள். குர்னா ஜெர்மானியரின் கொடுமையை மறைக்கவில்லை. அதே வேளையில், அதற்கு முன்பே தொழுகையும் நோன்பும் தவறாத வணிகர்கள் கடனுக்காகக் குழந்தைகளைப் பிடித்து வைத்திருந்ததையும் மறைக்கவில்லை. அஸீஸின் வீட்டையொட்டி, மதில் சூழ்ந்த அழகிய தோட்டம் ஒன்று இருக்கிறது. நாவலின் தலைப்பு குறிக்கும் சுவனம் அதுதான் என எண்ணத் தோன்றும். அதைப் பேணி வருபவரோ ஹம்தானி என்னும் முதிய அடிமை. அடிமை முறை ஒழிக்கப்பட்ட காலத்தில் விடுதலை அளிக்க முன்வந்தபோது அவர் அதனை ஏற்கவில்லை. பிறர் எடுத்துக் கொடுப்பதற்கு விடுதலை அவர்களுடைய பொருளல்லவே என்பது அவருடைய நிலை. அச்சொல்லின் கண்ணியத்தையும், அவரைச் சுற்றியிருந்த அநீதியையும் ஒருங்கே வாசகர் முன் வைக்கிறார் குர்னா.

சிறைச்சுவரில் தொடங்கிய எழுத்து

மூன்றாவது எடுத்துக்காட்டில் ஊக்கம் தந்தவர், பெற்றவர் என இருவர் உள்ளனர். அவர்களுக்கிடையே ஏறத்தாழ இருநூறு ஆண்டு இடைவெளி. உமர் இப்னு ஸயீத் இன்றைய செனகல் நாட்டின் ஃபூத்தா தோரோ பகுதியில் 1770ஆம் ஆண்டளவில் பிறந்தவர். இருபத்தைந்து ஆண்டுகள் மார்க்கக் கல்வி பயின்றவர். 1807இல் சிறைபிடிக்கப்பட்டு, அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் விற்கப்பட்டார். கொடியவனான உடையவனிடமிருந்து தப்பியோடி, வட கரோலினாவில் பிடிபட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கே சுவரில் அரபு மொழியில் அவர் எழுதியவை ஊராரின் கவனத்தை ஈர்த்தன. பின்னர் ஓவன் என்னும் குடும்பத்தினர் அவரை வாங்கினார்கள்.

1831இல் அவர் தம் வாழ்க்கை வரலாற்றைப் பதினைந்து பக்கங்களில் அரபியில் எழுதினார். அமெரிக்காவில் அடிமையாக இருந்த ஒருவர் அரபு மொழியில் எழுதி இன்றளவும் எஞ்சியுள்ள தன்வரலாறாக அறியப்படுவது இது ஒன்றே. நெடுங்காலம் காணாமற் போயிருந்த அச்சுவடி 1990களில் மீண்டும் வெளிப்பட்டது. 2017இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தை வந்தடைந்தது. அது ஸூரத்துல் முல்க் அத்தியாயத்துடன் தொடங்குகிறது. ஆட்சியுரிமை முழுவதும் அல்லாஹ்வின் கையில் உள்ளது என்று அறிவிக்கும் அத்தியாயத்தை, மனிதனை மனிதன் உடைமையாக வைத்திருந்த நாட்டில் ஓர் அடிமை தன் கதைக்கு முகப்பாக அமைத்தார். தம்மை வைத்திருந்தவர்களைப் பற்றி அவர் நல்ல சொற்களே எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் கிறிஸ்தவராகத் திருமுழுக்குப் பெற்றார் என்றும் பதிவுகள் உள்ளன. அவருடைய உள்ளத்தில் இருந்ததை அல்லாஹ்வே அறிவான். ஆயினும் அவர் முதலில் எழுதிய வசனங்கள் எவை என்பதற்கு அந்தத் தாள் சான்றாக இருக்கிறது.

ரியானன் கிடன்ஸ் 1977இல் அதே வட கரோலினாவில் பிறந்த கறுப்பின இசைக்கலைஞர். பாஞ்சோ என்னும் நரம்புக் கருவி வெள்ளையரின் நாட்டுப்புற இசைக்கே உரியது என்னும் பொதுவான எண்ணத்தை மறுத்து, அது ஆப்பிரிக்க மூலமுடையது என்பதை வாசித்தே காட்டியவர். அதற்காக ஜோ தாம்சன் என்னும் முதிய வில்லிசைக் கலைஞரின் வீட்டுக்கு நண்பர்களுடன் சென்று, அவர் காலடியில் அமர்ந்து பழைய இசையைக் கற்றார். உமரின் வரலாற்றைத் தழுவி ‘உமர்’ என்னும் இசை நாடகத்தின் பாடல்களையும் உரையாடலையும் கிடன்ஸ் எழுதினார். இசையை மைக்கேல் ஏபல்ஸ் என்பவருடன் இணைந்து அமைத்தார். 2022ஆம் ஆண்டு மே மாதம் அது முதன்முதலாக மேடையேறிய நகரம், உமர் விற்கப்பட்ட அதே சார்ல்ஸ்டன். மறு ஆண்டு அதற்கு இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது.

இசை பற்றிய மார்க்கக் கருத்து வேறுபாடுகளை இங்கு விரிக்கத் தேவையில்லை. நாம் காண வேண்டியது, முஸ்லிமல்லாத ஒரு கலைஞர் பதினைந்து பக்க அரபுச் சுவடியில் தம் மண்ணின் வரலாற்றைக் கண்டெடுத்த விதம். தாம் பிறந்த மாநிலத்தின் வரலாற்றிலிருந்து விடுபட்டுப் போன ஒரு மனிதரை அவர் அதே மண்ணின் மேடையில் நிறுத்தினார்.

முகம் காட்டாத பெண்

ஷாஹ்ஸியா சிக்கந்தர் 1969இல் லாகூரில் பிறந்தவர். அந்நகரின் தேசியக் கலைக் கல்லூரியில் அவர் சேர்ந்த காலத்தில், முகலாயர் காலத்து நுண்ணோவியம் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்கும் நகல் தொழிலாகவே பலராலும் கருதப்பட்டது. இளைஞர்கள் மேலைநாட்டு நவீன ஓவியத்தை நாடினார்கள். நுண்ணோவியத்தின் மிகச் சிறந்த ஏடுகளோ குடியேற்ற ஆட்சிக் காலத்தில் பிரிந்து சென்று மேலைநாட்டுக் கருவூலங்களில் இருந்தன. ஷாஜஹானின் வரலாறு கூறும் ‘பாத்ஷாநாமா’ ஓவியச் சுவடி இன்றும் இங்கிலாந்தின் வின்ட்சர் கோட்டை நூலகத்தில்தான் உள்ளது.

சிக்கந்தர், பஷீர் அஹ்மத் என்னும் ஆசிரியரிடம் பழைய முறைப்படியே பயின்றார். தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி வஸ்லி செய்வது, தேயிலைச் சாற்றால் அதற்குப் பழுப்பேற்றுவது, மயிரிழைத் தூரிகையால் கோடிடுவது என ஒவ்வொன்றையும் பொறுமையுடன் கற்றார். 1989-90இல் அவர் தீட்டிய ‘தி ஸ்க்ரோல்’ ஐந்தடிக்கும் மேல் நீளமுள்ள சுருள் ஓவியம். அதில் அரசவையும் இல்லை, வேட்டைக் காட்சியும் இல்லை. அவர் வாழ்ந்த காலத்து நடுத்தர வீடு ஒன்றின் அறைகளும் முற்றமும், அன்றாட வேலைகளும் உள்ளன. வெள்ளாடை அணிந்த இளம்பெண் ஒருத்தி அறைக்கு அறை நடந்து செல்கிறாள். அவள் முகம் நமக்குத் தெரிவதில்லை. சொந்த வீட்டிலேயே முழுமையாகக் காணப்படாதவளாக இருக்கும் பெண்ணின் நிலையை, பேரரசர்களைப் புகழ்வதற்கு வளர்ந்த கலை கொண்டே அவர் பதிவு செய்தார். பாக்கிஸ்தானில் நுண்ணோவியத்தின் புதிய தலைமுறை அதிலிருந்து தொடங்கியதாகக் கலை வரலாற்றாசிரியர் கூறுவர்.

பின்னர் அமெரிக்காவில் குடியேறிய அவர் சிலைகளும் வடித்தார். சிலை வடித்தல் பற்றி நம்மில் பெரும்பாலோரின் நிலைப்பாடு வேறு. ஆயினும் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிட வேண்டும். ‘சாட்சி’ என்னும் பொருளுடைய பெயரில் அவர் அமைத்த பெண்ணுருவம் ஹியூஸ்டன் பல்கலைக்கழக வளாகத்தில் நின்றது. அதை எதிர்த்துச் சில குழுவினர் முன்னரே கூச்சலிட்டிருந்தார்கள். 2024 ஜூலையில், புயல் வீசிய ஓர் அதிகாலையில், அதன் தலை துண்டிக்கப்பட்டது. பழுது பார்த்து மீண்டும் நிறுத்த வேண்டாம் என்று சிக்கந்தர் கூறிவிட்டார். சிதைந்த நிலையிலேயே அது நிற்கட்டும் என்பது அவருடைய முடிவு. தம் படைப்பின் அழகை விட நடந்ததன் பதிவு முக்கியம் என அவர் கருதினார்.

ஊக்கம் என்பது யாது?

இந்நால்வரின் மொழியும் துறையும் நம்பிக்கையும் வேறு வேறு. ஒன்றில் மட்டும் அவர்கள் ஒத்திருக்கிறார்கள். தமக்குத் தொடக்கமாக அமைந்த பொருளை அவர்கள் வெளியே தேடவில்லை. பழைய செய்தித்தாள் துணுக்கு, குழந்தைப் பருவத்தில் கேட்ட நபி வரலாறு, மறந்துபோன கைச்சுவடி, மதிப்பிழந்து கிடந்த கைவினை எனத் தம் காலடியில் கிடந்தவற்றையே எடுத்தார்கள். எடுத்தவற்றைத் துடைத்து அலங்கரித்துக் கண்ணாடிப் பேழையில் வைத்து அவர்கள் நிறைவடையவில்லை; தம் காலத்தின் வழக்கில் அவற்றைச் சாட்சிகளாக அழைத்தார்கள். அச்சாட்சியம் சில வேளைகளில் தம் சொந்த மக்களுக்கே எதிராக அமைந்தபோதும் பின்வாங்கவில்லை.

இது நமக்குப் புதிய பாடமன்று. நீதியின் பொருட்டு உறுதியாக நின்று சாட்சியம் அளிக்குமாறும், அது தமக்கோ பெற்றோருக்கோ நெருங்கிய உறவினருக்கோ பாதகமாக இருப்பினும் தயங்கலாகாது என்றும் திருக்குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் (4:135) கட்டளையிடுகிறது. நீதிமன்றக் கூண்டுக்கு மட்டுமே இதைப் பொருத்திக் கொள்வது நம் வழக்கமாகிவிட்டது. கதை எழுதுபவருக்கும் வரலாறு எழுதுபவருக்கும் அக்கட்டளையிலிருந்து விலக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

தமிழ் முஸ்லிம் இலக்கியத்தில் இத்தகைய சாட்சியம் இல்லாமல் இல்லை. 1988இல் நூலாக வெளிவந்த தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோரக் கிராமத்தின் கதை’, மார்க்கத்தின் பெயரால் எளியவரை அடக்கியாண்ட ஊர்ப் பெரியதனத்தைக் காட்டியது. சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004இல் வீட்டுக்குள் அடைபட்ட பெண்களின் உலகைத் திறந்தது. ‘நம் வீட்டு அழுக்கைத் தெருவில் அலசலாமா?’ என்ற முணுமுணுப்பு இத்தகைய நூல்களைத் தொடர்ந்தே வந்திருக்கிறது. பகைவர்கள் சூழ்ந்திருக்கும் காலத்தில் இவ்வச்சம் பொருளற்றதன்று. தம் மக்களின் குறையை எழுதுபவர் எழுத்தைப் பிறர் ஆயுதமாக்கிக் கொள்ளக்கூடும். மாரிசனும் குர்னாவும் இதை அறியாதவர்களல்லர். பகைவர் என்ன செய்வார் என்ற அச்சம் நம் எழுத்தைத் தீர்மானிக்குமாயின், எழுதுகோல் அவர் கையில் இருப்பதாகவே பொருள்படும் என்பதை அவர்களுடைய படைப்புகள் நமக்கு உணர்த்துகின்றன.

உமர் இப்னு ஸயீதின் நாட்டு மக்கள் தம் தாய்மொழிகளை அரபு எழுத்தில் எழுதி வந்தார்கள். அஜமி என்று அதற்குப் பெயர். நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி அர்வி என்றார்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பிற ஊர்களிலும் பழைய வீடுகளின் மரப்பெட்டிகளில் அர்வி ஏடுகளும், கடல் கடந்து சென்றவர்கள் எழுதிய கடிதங்களும், கணக்குப் புத்தகங்களும் இன்னும் இருக்கக் கூடும். பரக்கத்துக்காகப் பட்டுத்துணியில் சுற்றி வைக்கப்பட்டவை சில; கறையானுக்கு இரையாகிக் கொண்டிருப்பவை பல. பிரித்துப் படித்தால் அவற்றில் நம் பெருமைக்குரிய செய்திகள் மட்டும் இருக்கப் போவதில்லை. கடன் சீட்டும் இருக்கும். பல்லாண்டு கணவன் முகம் காணாத பெண்ணின் மடலும் இருக்கும். யாரோ ஒரு பணியாளின் பெயரும் விலையும் கூட இருக்கலாம். அவற்றையும் சேர்த்துப் படித்து, சேர்த்தே எழுதுவதற்கான துணிவைத்தான் இக்கலைஞர்களிடமிருந்து நாம் பெற வேண்டியிருக்கிறது.